செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு மணி இரண்டு தடவை

"நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகத்தான் கெட்டுப்போனது" என்று கணினியைப் பாவிப்பவர் சொன்னால் நம்பாதீர்கள் என்று, புரோகிராம் எழுத வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் துணிச்சலில் அதில் பாதியைத் திருத்திச் சொல்கிறேன். அவர் ஏதோ செய்திருப்பார், அது சரி. ஆனால் பொய் சொல்லவில்லை. காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் நீங்கள் பல் துலக்கியதைச் சொல்வீர்களா? அவர் செய்ததும் அவருக்கு அப்படித்தான். அது ஒரு வேலை என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

நான் கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தார். நான் கொழும்பில் கணினி படித்துவிட்டு, தோட்டங்களைப் புதிதாகப் பொறுப்பெடுத்திருந்த ஒரு கம்பெனியின் இரத்தினபுரிக் கிளையில் சேர்ந்தேன். கம்பெனி ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கணினி வாங்கிக் கொடுத்தது. அதில் ஓடும் புரோகிராம்களை எழுதுவதும், அவை படுத்துக்கொண்டால் பஸ் ஏறிப் போய் எழுப்பிவிடுவதும் என் வேலை. என் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. 'கொம்பியூட்டர் மிஸ்' என்றால் கொடகவெலயில் பஸ் கண்டக்டருக்கும் தெரியும்.

பெரிய கதைக்குப் போகுமுன் சின்னது ஒன்று. கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றுக்கு நான் முதன்முதலில் எழுதிக்கொடுத்த புரோகிராமில், பிழையான இலக்கத்தைத் தட்டினால் திரையில் ஒரு வரி வரும்: 'நீங்கள் பிழை செய்துவிட்டீர்கள். காரணத்தைச் சரிபார்க்கவும்.' மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று எனக்குள் ஒரு திருப்தி. மூன்று மாதம் கழித்து அங்கே போனபோது, கிளாக்கர் ஒரு தடித்த கோப்பை எடுத்து என் முன் வைத்தார். ஒவ்வொரு தடவை அந்த வரி வந்தபோதும் அவர் ஒரு விளக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். 'இன்ன திகதி, இன்ன நேரம், கண் மங்கியதால் ஏழுக்குப் பதிலாக ஒன்றை அழுத்திவிட்டேன், இனிமேல் நடக்காது, மன்னித்தருளவும்.' ஒவ்வொன்றும் மூன்று பிரதி. ஒன்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று எனக்கு. துரையும் சளைத்தவரில்லை. முதல் பத்துக் கடிதத்துக்கு மன்னித்திருக்கிறார், பதினோராவதற்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்.

தோட்டத்து ஆபீஸில் பிழை என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அதைச் சொல்வது யாராக இருந்தாலும் அது துரையின் குரலில்தான் காதில் விழும். நான் அந்த வரியை 'இந்த இலக்கம் பட்டியலில் இல்லை' என்று மாற்றினேன். கடிதங்கள் நின்றன. திரையில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு ஒருவர் வாசிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இனிப் பெரிய கதை. இதில் பிழை செய்தவள் நான். வேலை போகவிருந்தது வேறொருவருக்கு.

தேயிலை ஃபெக்டரியைத் தோட்டத்தில் நாங்கள் ஸ்டோர் என்போம். கொடகவெலக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்து ஸ்டோருக்கு நான் ஒரு புரோகிராம் எழுதினேன். யார் வெளியே போனார், எப்போது திரும்பினார், கொழுந்து எப்போது உருட்டு மெஷினில் ஏறியது, எப்போது காயவைக்கும் ட்ரையருக்குப் போனது, எந்த மெஷின் எப்போது நின்றது, எல்லாம் அதில் பதியும். அதில் எனக்குப் பெருமை என்னவென்றால், நேரத்தை யாரும் கையால் எழுத முடியாது. ஆளின் இலக்கத்தைத் தட்டினால், கணினி தன் கடிகாரத்தைப் பார்த்துத் தானே நேரத்தைப் போட்டுக்கொள்ளும். இதில் மனிதர் கைவைக்கவே முடியாது என்று கொழும்பில் பெரியவர்கள் நிறைந்த ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வெகுநாள் காதில் இருந்தது.

அந்தக் காலத்தில் நாட்டின் நேரமே ஒரு கூத்தாக இருந்தது. மின்சாரம் மிச்சம் பிடிக்க அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. சில மாதம் கழித்து அதில் அரை மணியைத் திருப்பித் தந்தது. எங்கள் ஸ்டோரில் மூன்று நேரம் ஓடியது. கேட்டில் நின்ற வாச்சர் அரசாங்கம் சொன்ன புது நேரத்தில் இருந்தார். டீமேக்கர், அதாவது ஸ்டோருக்குப் பொறுப்பான பெரியவர், திருப்பித் தந்த அரை மணியை வாங்கிக்கொள்ளவில்லை. இவர்கள் மறுபடியும் மாற்றத்தான் போகிறார்கள், நான் எதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும் என்று தன் கைக்கடிகாரத்தை அரை மணி முன்னாலேயே விட்டிருந்தார். லயத்தில் இருந்தவர்களோ கோயில் பூசையின் பழைய நேரத்தை விடவே இல்லை. அது அரை மணி பின்னால். ஆக, கேட்டில் நாலு மணி என்றால் டீமேக்கருக்கு நாலரை, லயத்தில் மூன்றரை. யாரும் குழம்பவில்லை. குழம்பியது நாங்கள் மட்டும்தான், படித்தவர்கள்.

அரசாங்கம் நேரம் மாற்றிய ஒவ்வொரு தடவையும் நான் தோட்டம் தோட்டமாகப் போய்க் கணினியின் கடிகாரத்தைத் திருத்தினேன். இரண்டாவது தடவை எனக்கு அலுத்துவிட்டது. ஸ்டோர் கிளாக்கர் சதாசிவத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, நேரத்தை எப்படி மாற்றுவது என்று காட்டிக்கொடுத்தேன். ஐம்பது வயது மனிதர். நெற்றி நிறைய விபூதி, கணினியின் நெற்றியிலும் கொஞ்சம். நான் சொன்னதை ஒரு சின்ன நோட்டில் வரிக்கு வரி எழுதிக்கொண்டார். இந்த மாதிரி ஒரு மாணவர் எனக்கு வாய்த்ததில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஸ்டோரில் ட்ரையரில் தீப்பிடித்தது. பெரிய தீயில்லை, அணைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு தட்டுத் தேயிலை கரிந்தது, மெஷின் ஒன்று கெட்டது, கொழும்பிலிருந்து கேள்வி வந்தது. அந்தத் தோட்டத்துத் துரை என் புரோகிராமின் அறிக்கையை அச்செடுத்துப் பார்த்தார். அதில் மூன்று வரி:

2.30, ட்ரையர்காரர் மாரிமுத்து வெளியே.
2.40, ட்ரையர் நின்றது, தீ.
2.50, மாரிமுத்து உள்ளே.

வேறென்ன வேண்டும்? ட்ரையரை விட்டுவிட்டு ஆள் வெளியே போயிருக்கிறார், அந்த நேரம் பார்த்துத் தீப்பிடித்திருக்கிறது. துரை மாரிமுத்துவின் வேலையை நிறுத்திவைத்து, அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை என்று கடிதம் கொடுத்தார். இரத்தினபுரியில் இருந்த என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த நேரங்கள் சரிதானா என்று கேட்டார். நூற்றுக்கு நூறு என்றேன். எழுத்தில் தர முடியுமா என்றார். அன்று மாலைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரு தடவை கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தக் கையெழுத்தின் கனம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் வேலை போனால் வேலை மட்டும் போகாது. லயத்து அறை வேலையோடு வருவது, வேலையோடு போவது. மாரிமுத்துவுக்கு மனைவியும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்த குடும்பங்களைச் சின்ன வயதில் பார்த்தவள் நான். தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீஸுக்கு ஏறினேன். வாசலில் மாரிமுத்து நின்றார். வலது கையில் முழங்கைவரை கட்டு. கும்பிடக் கையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். நானும் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

மாரிமுத்து சொன்னது எளிமையானது. வெளியே போனது உண்மை, டீமேக்கரிடம் சொல்லிவிட்டு, இன்னொருவரை ட்ரையரில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார். நாள் முழுக்கத் தேயிலைத் தூளைச் சுவாசிக்கும் மனிதருக்கு ஸ்டோருக்குள் ஒரு கோப்பை தேத்தண்ணி கிடைக்காது, அது வேறு விஷயம். குடித்துவிட்டுத் திரும்பி, வெகுநேரம் கழித்துத்தான் தீப்பிடித்தது, தான்தான் அணைத்தேன், கை அப்படித்தான் வெந்தது என்றார். கை வீட்டு அடுப்பிலும் வேகலாம் என்றார் துரை.

பிறகு சாட்சிகள். தீப்பிடித்தது நாலு நாற்பதுக்கு என்றார் டீமேக்கர். சல்லடையில் வேலை செய்யும் ஒரு அம்மா மூன்று நாற்பது என்றார். நாலு பத்து என்றார் கேட் வாச்சர். மூவரும் மாரிமுத்து உள்ளேதான் இருந்தார் என்று சாதித்தார்கள். துரை பேனாவை மேசையில் வைத்தார். மூன்று பேர் கண்ணால் பார்த்த ஒரே தீ, மூன்று நேரத்தில் எரிந்திருக்கிறது. மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், நேரத்தைப் பேசிவைக்க மட்டும் மறந்துவிட்டார்கள் என்றார். கணினிக்கு மாரிமுத்து மாமனுமில்லை மச்சானுமில்லை என்றார். என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, மனிதர் கைவைக்க முடியாத புரோகிராம் என்ற என் கொழும்புப் பேச்சை அப்படியே ஒப்பித்தேன்.

உங்களில் கணக்கு வருகிறவர்கள் இதற்குள் பிடித்திருப்பீர்கள். மூன்று சாட்சியும் சொன்னது ஒரே நேரம். அவரவர் கடிகாரத்தில் சொன்னார்கள், அவ்வளவுதான். நாட்டில் எத்தனை நேரம் ஓடுகிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் யாருமில்லை. ஆனால் சாட்சி சொல்லக் கூப்பிட்டு மரியாதையாக நாற்காலி போட்டார்களே, அந்தச் சுகத்தில் என் மூளை வேலை செய்யவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு யோசித்து நாலு மணிக்கு முடிவு சொல்வதாகத் துரை எழுந்தார். அதற்குள் ஸ்டோருக்குப் போய்ப் புதிதாக ஒரு அச்சுப் பிரதி எடுத்துக் கையெழுத்தோடு கொண்டுவரச் சொன்னார். வேலைநீக்கக் கடிதத்தோடு இணைக்க வேண்டுமாம்.

ஸ்டோரில் சதாசிவம் எனக்கு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். நன்றாக இருக்கிறதே என்றேன். தீப்பிடித்த மறுநாள்தான் போய்க் கண்ணைச் சோதித்தேன் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"மாரிமுத்து கைய உள்ள விட்டு தட்ட இழுத்தத நான் இந்த ஜன்னல் வழியா பாத்தேங்க. ஆனா அவன் வெளிய இருந்தான்னு உங்க கொம்பியூட்டர் சொல்லுது. அப்ப என் கண்ணுலதானே கோளாறு."

சிரிப்பாகச் சொல்லவில்லை. மனிதர் உண்மையாகவே பஸ் பிடித்துப் போய் வரிசையில் நின்று கண்ணாடி வாங்கியிருக்கிறார். முதன்முறையாகக் கோப்பைத் திறந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். திரையின் மூலையில் மணி மூன்று இருபத்தெட்டு.

"மிஸ், ஒரு நிமிசம் எந்திரிச்சுக்கிறீங்களா" என்றார் சதாசிவம்.

எழுந்தேன். அவர் உட்கார்ந்தார், அந்தச் சின்ன நோட்டை விரித்தார், நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். மூலையில் இருந்த மணி இரண்டு ஆனது. திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து, இனி நீங்கள் இருக்கலாம் என்றார்.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ராகு காலம் வருதுல்லங்க. பழைய நேரத்துக்கு மூணு, இப்ப மூணர. ராகு காலத்துல புதுசா ஒண்ணும் எழுதக்கூடாது. ஆனா ஸ்டோர் வேல நிக்காதே. அதான் மணிய ரெண்டுக்கு வச்சுருவேன். அது ரெண்டுல இருந்து மூணர வரைக்கும் ஓடும்போது ராகு காலம் தாண்டிரும். அஞ்சு மணிக்கு சரியா அஞ்சுன்னு வச்சுருவேன். மெஷினுக்கு ராகு காலமே தெரியாது."

எத்தனை நாளாக என்றேன். நீங்கள் காட்டிக்கொடுத்த நாளிலிருந்து என்றார். திங்கள் என்றால் காலையில், செவ்வாய் என்றால் பின்னேரம், ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பக்கம் அந்த நோட்டில் அழகான கையெழுத்தில் இருந்தது. ஒரு நாளும் தவறவில்லையாம். சொல்லும்போது அவர் முகத்தில் கடமை செய்தவரின் நிம்மதி.

ஆக, அந்த ஸ்டோரில் ஒரு வருடமாகச் செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு மணி இரண்டு தடவை வந்திருக்கிறது. நாலு மணி வரவே இல்லை. நாலு பத்துக்குப் பிடித்த தீயை என் புரோகிராம் இரண்டு நாற்பது என்று எழுதிக்கொண்டு, நேர வரிசையில் அடுக்குகிறேன் பேர்வழி என்று, மாரிமுத்து போனதற்கும் வந்ததற்கும் நடுவில் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறது.

நாலு மணிக்கு அரை மணிதான் இருந்தது. என்னிடம் இரண்டு வழி இருந்தன. புரோகிராமில் ஏதோ சின்னக் கோளாறு, திருத்திவிட்டேன் என்று மழுப்புவது ஒன்று. அதை மனம் ஒரு நிமிடம் ஆசையோடு பார்த்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். சதாசிவம் கடிகாரத்தில் கைவைத்தார் என்று அவர் தலையில் கட்டுவது மற்றது. அப்படிச் செய்தால் ஒரு குடும்பத்துக்குப் பதில் இன்னொரு குடும்பம் ரோட்டுக்கு வரும். கடைசியில் நான் செய்தது வீரம் ஒன்றுமில்லை. அடுக்காமல், பதிந்த ஒழுங்கிலேயே தீப்பிடித்த நாளின் வரிகளை அச்செடுத்தேன். மாரிமுத்து வெளியே, மாரிமுத்து உள்ளே, பிறகு பத்துப் பன்னிரண்டு வரி, மூன்று இருபத்தொன்பது, அடுத்த வரி இரண்டு ஒன்று, அதற்கும் கீழே தீ. நேரம் பின்னால் தாவிய இடம் பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினேன்.

துரையின் அறையில் கடிதம் தட்டெழுத்தில் பாதி வந்திருந்தது. நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். பதிந்த ஒழுங்கு, அடுக்கிய ஒழுங்கு என்று விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. காலையில் சரி என்று சொன்ன அதே கணினி மாலையில் எப்படிப் பிழையாகும் என்றார். நியாயமான கேள்வி. சுவரைப் பார்த்தேன்.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடிதம் தொங்கியது. கொழும்புத் தலைமையகத்தின் பாராட்டு. உருட்டு மெஷினில் ஏறிய கொழுந்தை ஐந்தே நிமிடத்தில் ட்ரையருக்கு அனுப்பும் ஒரே தோட்டம் இதுதான் என்று புகழ்ந்து எழுதியிருந்தார்கள்.

வேறொரு செவ்வாயில் இரண்டே முக்காலுக்கு மெஷினில் ஏறிய கொழுந்து, உண்மையில் நாலு இருபதுக்கு ட்ரையருக்குப் போயிருக்கும். சதாசிவத்தின் மணியில் அது இரண்டு ஐம்பது. ஐந்து நிமிடம். சில நாள் கொழுந்து மெஷினில் ஏறுமுன்பே காய்ந்திருக்க வேண்டும், அவையெல்லாம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். நேரம் மைனஸில் வந்தால் அந்த வரியைக் காட்டாமல் விட்டுவிடும்படி நானே எழுதியிருந்தேன், அறிக்கை பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று.

நான் டீமேக்கரைக் கூப்பிடச் சொன்னேன். கொழுந்து ஐந்து நிமிடத்தில் ட்ரையருக்குப் போகுமா என்று கேட்டேன். அவர் சிங்களவர், தமிழ் எங்களைப் போலவே பேசுவார். முதலில் துரையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"போகாது மிஸ். ஒன்றர மணிக்கு மேல வேணும். கொழும்பு எப்படி செய்றீங்கன்னு கேட்டுச்சு. இல்லன்னு சொன்னா தொர கோவிப்பாருன்னு, இங்க காத்து நல்லதுன்னு ரெண்டு பக்கம் எழுதி குடுத்துட்டேன்."

துரைக்கு இப்போது ஏறிவிட்டது. மாரிமுத்து உள்ளே இருந்தால் அந்தச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். சட்டம் சுவரில் இருந்தால் மாரிமுத்து வெளியே. இரண்டும் ஒரே கடிகாரம். அவர் அந்தச் சட்டத்தையும் என் தாளையும் மாறி மாறிப் பார்த்ததை நான் மறக்கமாட்டேன். அந்த மனிதரைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்: எழுந்து போய்ச் சட்டத்தைத் தன் கையாலேயே கழற்றி, மேசையில் குப்புற வைத்தார்.

பிறகு யார் பொறுப்பு என்றார். சதாசிவம் என்று அவர் வாயில் வருமுன் நான்தான் என்றேன். மாற்றச் சொல்லிக் கொடுத்தவள் நான், எதற்கு மாற்றுகிறார் என்று கேட்காதவள் நான், பார்க்காமல் கையெழுத்துப் போட்டவளும் நான். ராகு காலத்தில் தானும் புது மெஷினை ஓடவிடமாட்டேன் என்று டீமேக்கர் தானாக ஒரு சாட்சியம் சொன்னார். தோட்டத்தைப் பொறுப்பேற்கவே நல்ல நேரம் பார்த்து வந்தவர் துரை, அதனால் அவர் அந்தப் பக்கம் மேலே போகவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. இன்னும் வைத்திருக்கிறேன், மூன்று பிரதியில் இரண்டாவது.

நாலரைக்கெல்லாம் மாரிமுத்துவுக்குப் புதுக் கடிதம் தயார். குற்றமில்லை, நாளை வேலைக்கு வரலாம். துரை வாசலுக்கே கொண்டுவந்து நீட்டினார். மாரிமுத்து வாங்கவில்லை. ராகு காலம் முடியட்டுங்க, அப்புறம் வாங்கிக்கிறேன் என்றார். ஒரு வாரம் வேலையில்லாமல், வீடு போகுமோ என்று நின்ற மனிதர். துரை கடிதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து காத்திருந்தார்.

நான் வாசல் படியில் மாரிமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அந்த பேப்பரு சதாசிவம் ஐயா மெஷின்ல இருந்தா வந்துச்சு? அவரு தெனமும் மணிய தள்ளி வைப்பாரே."

உங்களுக்குத் தெரியுமா என்றேன்.

"ஸ்டோர்ல எல்லாருக்கும் தெரியுங்க மிஸ். அது சாமிக்கு காட்டுற மணின்னு நெனச்சோம். தொரைக்கு உள்ளுக்குள்ள வேற மணி ஓடும்னு. படிச்சவங்க செஞ்ச சாமான், அதுகூட இருக்காதா?"

அவர் குரலை உயர்த்தவில்லை, கோபமும் இல்லை.

"யாராச்சும் ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். காலையில நீங்க என்ன தாண்டித்தான் உள்ள போனீங்க. நம்ம லயத்து புள்ள, கையில என்னன்னு நின்னு கேக்கும்னு பாத்தேன்."

உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. அன்று காலை அவரை வாசலில் கண்டதும் நான் நடையைக் கூட்டினேன். நான் லயத்தில் பிறந்தவள் என்று துரைக்கு நினைவு வந்துவிடக் கூடாது என்பதற்காக. புரோகிராமில் நான் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திவிட்டேன். இதைத் திருத்த எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

வாச்சரின் கடிகாரத்தில் ஐந்து அடித்தது. துரை மறுபடி வெளியே வந்து கடிதத்தை நீட்டினார். மாரிமுத்து எழுந்து, இடது கையால் வாங்குவதற்கு முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.